மீத்தரவு

தரவைப் பற்றிய தரவான 'மெட்டாடேட்டா'வைத் தமிழில் 'மீத்தரவு' என்கிறோம். 'மெட்டா' என்ற கிரேக்க முன்னொட்டுக்குப் பின், அப்பால் என்று பொருள். தமிழ் 'மீ' மேலிடத்தைக் குறிப்பது. ஓசை ஒத்ததால் உறவாகிவிடாது. மேலே ஒட்டிய சீட்டு என்ற எண்ணத்தைத் தரும் 'மீத்தரவை'விட, நூலின் முன்னுரையைக் குறிக்கும் 'பாயிரம்' பொருளுக்கு நெருக்கம். நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு வகுத்த எட்டுச் செய்திகளில் ஆக்கியோன் பெயர், நூற்பெயரோடு கேட்போரும் பயனும் உண்டு. 1995இல் ஒஹையோவின் டப்ளின் நகரில் தொடங்கிய டப்ளின் கோர் என்னும் மீத்தரவுத் தரத்தின் 15 கூறுகளில் ஆக்கியோனும் தலைப்பும் உண்டு. கேட்போருக்குத் தனி இடமில்லை. கல்வி வளத்துக்கு யாருக்கு என்பதுதானே முதற்கேள்வி! 2002இல் வந்த ஐ.இ.இ.இ. கற்றல்பொருள் தரம் வயதுக்கும் கடினத்துக்கும் இடம் வைத்தது. தேடுபொறி முழுப் பாடத்தையும் படித்துவிடுமே, இந்தக் குறிப்புகள் எதற்கு என்பார்கள். படிக்கும், ஆனால் ஒளிச்சேர்க்கைப் பாடம் ஆறாம் வகுப்புக்கா, ஆசிரியர் பயிற்சிக்கா என்பதைப் பாடமே பெரும்பாலும் சொல்வதில்லை.