மரச்சீனியும் ஜவ்வரிசியும்: ஒரே வேர், இரண்டு மரியாதை

ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் என்ன உறவு என்று கேட்டால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் பாதிப்பேர் முழிப்பார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் விளம்பலாம், கிழங்கு விளம்ப முடியாது. கிழங்கு வீட்டுக்குள் தின்பது, ஆள் வந்தால் மூடி வைப்பது. ஆனால் இரண்டும் ஒரே செடியின் வேரிலிருந்து வருகிறவைதான். பின்னே இந்த மரியாதை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருந்தேன். எந்த வழியில் போனாலும் அது 1942-ல் போய் முட்டுகிறது.

முதலில் பெயர். குமரி மாவட்டத்தில் மரச்சீனி, மற்ற இடங்களில் மரவள்ளி, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு, மலையாளத்தில் கப்பை. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பல் வழியாக மேற்குக் கரைக்கு வந்த செடி. ஆனால் வந்ததும் யாரும் அதை வாரி அணைத்துக்கொள்ளவில்லை. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் என்று எல்லோரும் சொல்வது 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவை. விஷக் கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது அரசர் தாமே வேகவைத்துத் தின்று காட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை நல்ல கதைதான். ஆனால் ஜனங்கள் பயந்ததில் நியாயமும் இருந்தது, அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. அதற்குள்ளேயே இரண்டு சாப்பாட்டு உலகம். கிழக்கே தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் வயல் பூமி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளையும் நாஞ்சில் நாடு. மேற்கே கல்குளமும் விளவங்கோடும் மேடும் பள்ளமுமான தோட்ட பூமி. அங்கே வயல் குறைவு. தென்னை, மிளகு, பனை, மரச்சீனி. நெல் உள்ளவன் கிழங்கு தின்பவனை இளக்காரமாகப் பார்ப்பது அப்போதே இருந்தது.

திருவிதாங்கூர் முழுவதற்கும் இந்தச் சிக்கல் உண்டு. விலை கிடைக்கும் பயிராகப் பார்த்து நட்டுவிட்டு, அரிசியை வெளியிலிருந்து வாங்குகிற நாடு அது. வாங்கியதில் பெரும்பகுதி பர்மா அரிசி. (அந்த ஐராவதி வயல்களுக்குப் பின்னால் செட்டிநாட்டு வட்டிப் பணம் நின்றது வேறொரு பெரிய கதை.) 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. அடுத்த வருடம் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். திருவிதாங்கூரிலும் சாவு இல்லாமல் இல்லை. சேர்த்தலைப் பகுதியில் கூலிக்காரர் குடும்பங்கள் பட்ட பாட்டை கே. ஜி. சிவசாமியும் அவரோடு இருந்தவர்களும் 1943-44 பஞ்சத்தைப் பற்றிய தங்கள் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வங்காளம் போல ஆகவில்லை. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அரசு கொண்டுவந்த ரேஷன் ஒரு காரணம். மற்றொரு காரணம் மண்ணுக்குள் இருந்தது.

மரச்சீனியின் கெட்டிக்காரத்தனம் இதுதான். பஞ்சத்தில் விதைநெல்லைத் தின்றுவிட்டால் அடுத்த பூ போச்சு. மரச்சீனியில் தின்பது வேரை, நடுவது கம்பை. எவ்வளவு பசித்தாலும் விதையைத் தின்ன முடியாது. சரிவில் வரும், நீர் பாய்ச்ச வேண்டாம். பறித்தால் இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட்டுப்போகும். பறிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். குலுக்கை இல்லாத வீட்டுக்கு மண்தான் குலுக்கை.

என் பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. விளவங்கோடு தாலுகாவில் ஒரு ஓலை வீடு, சாய்ப்பில் அடுக்களை. "அரி இல்லாத காலம்லா மக்களே, கிழங்கு இல்லண்ணா நாங்க ஆரும் இல்ல" என்பாள். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வளராது. வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்கும். ஒரு கிழங்குக்கு இரண்டு தோல்: மேலே தவிட்டு நிறத்தில் மண்தோல், உள்ளே இளஞ்சிவப்பில் கட்டித்தோல். கத்தியால் நெடுகக் கீறி, இரண்டையும் சேர்த்து உரிக்க வேண்டும். நடுவில் ஓடும் நாரை எடுக்க வேண்டும். துண்டு போட்டு நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்புக் கிழங்கு என்றால் இரண்டு தடவை. அந்தத் தண்ணீரை ஆடு கோழி குடிக்காத இடத்தில் கொட்ட வேண்டும். விறகு ஏது? கதம்பை, கொதும்பு, காய்ந்த ஓலை. வீட்டில் ஒன்பது பேர் என்றால், நேரம் வெளுப்பதற்கு முன்னே உட்கார்ந்தால்தான் ஆகும்.

இதற்கெல்லாம் காரணம் உண்டு. கிழங்கைக் கீறினாலோ இடித்தாலோ அதிலுள்ள ஒரு பொருள் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும். அது சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் சங்கதி. மூடாமல் வேகவைத்தால் ஆவியோடு போகும், மிச்சம் வடித்த தண்ணீரோடு போகும். ரசாயனம் படிக்காத பெண்கள் இதைக் கையால் தெரிந்து வைத்திருந்தார்கள். இலங்கையில் மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கவே கூடாது என்று இன்றும் வீட்டில் சொல்வதைக் கேட்கலாம். பயத்தை ஒரு சமையல் விதியாக மாற்றிக்கொள்வது அடுக்களையின் வழக்கம்.

இரண்டாவது குறை, கிழங்கில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் ஒரு சதவீத அளவுதான். அதை ஈடுகட்டியது சாளை மீன். கடலோரம் சாளை மலிந்தால் மேட்டு ஊர்களுக்குத் தலைச்சுமடாக வரும். தேங்காயும் காந்தாரி மிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்டு மயக்கிய கிழங்கும் சாளைக் கறியும் இன்று ஓட்டலில் விலை போட்டு விற்கிறார்கள். அன்று மீன் வராத நாள் அதிகம். கிழங்கும், உப்பும் மிளகாயும் இடித்த ஒரு நுள்ளு சம்மந்தியும், கட்டன் சாயாவும். அவ்வளவுதான்.

பழைய காலத்துக் காகிதங்களைப் புரட்டினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. ரேஷனில் அரிசி அவுன்ஸ் கணக்கில் இருக்கும், நெல் கொள்முதல் இருக்கும், விலை இருக்கும். கிழங்கு உரித்த மணிக்கணக்கு எங்கும் இருக்காது. கூலி கிடைத்த வேலை இல்லையே, யார் எழுதுவார்கள்?

அதே 1942-ல், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மலேயாத் தோட்டங்களில் ரப்பருக்கு விலை போனது, பர்மா அரிசியும் நின்றது. லயத்து வீடுகளைச் சுற்றி ஜனங்கள் நட்டது இதே செடியைத்தான். அங்கே அதன் பெயர் ஊபி காயு. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லாமல் போக, கிழங்குதான் செல்லுபடியான சொத்து. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன பிறகு பெண்களும் பிள்ளைகளும் அதைத் தின்றே காலம் தள்ளினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பிய எங்கள் உறவுக்காரர் ஒருவர் சாகும்வரை மரச்சீனியைத் தொடவில்லை. மணமே ஆகாது, எழுந்து வெளியே போய்விடுவார்.

இனி சேலம். ஜவ்வரிசி என்ற பெயரைப் பிரித்தாலே ஜாவா தெரியும். முதலில் அது மரச்சீனியில் செய்ததே இல்லை. கீழைத் தீவுகளில் சேகோ என்னும் ஒருவகைப் பனையின் அடிமரத்துச் சோற்றிலிருந்து எடுத்த மாவு. சிங்கப்பூர் வழியாகக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் அதுவும் நின்றது. ஆனால் பாயசமும் வடகமும் கேட்கிற வாய் நிற்குமா? 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் இந்தத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்ய ஆரம்பித்தார்கள். கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை ஈரத்தோடு உதிர்த்து, தொட்டில்போலக் கட்டிய துணியில் போட்டு ஆட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும். சலித்து, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயப்போட்டால் ஜவ்வரிசி. ஜாவாவும் இல்லை, அரிசியும் இல்லை.

1944-ல் சேலம் கலெக்டர், தின்னக் கிழங்கில்லாத காலத்தில் அதை ஜவ்வரிசியாக்கக் கூடாது என்று தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து முறையிட்டுத் தடையை நீக்க வைத்தார்கள். இந்த ஒரு தகராறில்தான் நான் தேடிய விஷயம் கிடைத்தது. வெந்தால் அது ஏழையின் வயிறு நிரப்புவது, ஆலைக்குப் போனால் சரக்கு. சரக்கு சங்கம் வைத்தது; 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பும் ஆனது. அந்த ஜவ்வரிசி இன்று லாரி லாரியாக மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போகிறது. அங்கே விரத நாளில் தானியம் ஆகாது, சாபுதானா ஆகும். பஞ்சத்தில் தின்ற வேர் உபவாசத்துக்கும் ஆகிவிட்டது. எங்கள் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "விரதத்துக்கா? நாங்க வருஷம் முழுசும் விரதமாக்கும் இருந்தோம்" என்று சிரித்தாள்.

விளவங்கோட்டில் இப்போது கிழங்கு விளை குறைவு. அந்தச் சரிவெல்லாம் ரப்பர். 1942-ல் விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் தொண்ணூறைத் தொட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், பஞ்சம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், பதில் வராது. கிழங்கு உரித்தது யார், எத்தனை தண்ணீர் வடித்தார்கள், எங்கே கொட்டினார்கள், கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தது யார் என்று கேளுங்கள். கேட்டதை எனக்கும் எழுதினால் ஊர்ப் பெயரோடு குறித்து வைத்துக்கொள்வேன்.