கூட யாரு இருக்கா?

டெக்ஸாஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் இணைந்திருப்பவர்களின் ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருக்கும். இங்கே நியூ ஜெர்சியில் இருட்டிவிட்டது. நான் ஆய்வாளர் அல்ல. நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வார்டுகளில் நின்றவள். வார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் நான் படித்த மருத்துவமனையில் அட்மிஷனின்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரு இருக்கா?" மருந்து வாங்கிவர, கஞ்சி கொடுக்க, இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க ஓர் ஆள் வேண்டும். அமெரிக்கா வந்தபின் அந்தக் கேள்வி ஒரு தொலைபேசி எண்ணாகச் சுருங்கிவிட்டது. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று குறித்துக்கொள்வோம். பார்வை நேரம் முடிந்ததும் உறவினரை அனுப்பிவைப்போம். இது பண்பாட்டு வேறுபாடு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இதற்கு ஒரு வரலாறு உண்டு, அதில் ஒரு பகுதி இதே நியூ ஜெர்சியில் நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

டோரதியா டிக்ஸ் இந்த மாநிலத்தின் சிறைகளையும் ஏழைகள் விடுதிகளையும் நேரில் சென்று பார்த்தவர். மனநோயாளிகள் அங்கே அடைக்கப்பட்டிருந்த நிலையை எழுதி 1845இல் சட்டமன்றத்தின் முன் வைத்தார். 1848இல் ட்ரென்டனில் மனநல மருத்துவமனை திறந்தது. தாமஸ் கிர்க்பிரைடின் திட்டப்படி கட்டப்பட்ட முதல் மருத்துவமனை அது. நீண்ட சிறகுகள் போன்ற கட்டடம், நல்ல வெளிச்சம், தோட்டம், ஒழுங்கான பொழுதுகள். வீட்டிலிருந்து பிரித்தால்தான் நோயாளி தேறுவார் என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. ஆகவே வீட்டாரைத் தள்ளிவைத்த அந்தச் சுவர் இரக்கத்தால் எழுந்ததுதான். திருமணம் செய்துகொள்ளாத டிக்ஸ் 1881இல் அந்த மருத்துவமனையிலேயே வந்து தங்கி, 1887இல் அங்கேயே இறந்தார்.

தேறி வீடு திரும்புகிறவர்களுக்காகக் கட்டிய இடங்கள் தேறாதவர்களால் நிரம்பின. 1876இல் திறந்த கிரேஸ்டோன் பார்க்கில் 1950களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாடகர் வுடி கத்ரி.

கத்ரியின் தாய் 1930இல் ஓக்லஹோமாவின் மனநல மருத்துவமனையில் இறந்தார். மகன் அப்போது டெக்ஸாஸின் பாம்பா என்ற எண்ணெய் ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார். தாய்க்கு இருந்தது ஹண்டிங்டன் நோய். கைகால்கள் கட்டுப்பாடின்றி ஆடும், சுபாவம் மாறும், நினைவு தேயும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. கத்ரிக்கும் வந்தது, முதலில் குடிப்பழக்கம் என்றே எண்ணினார்கள். 1956இல் கிரேஸ்டோனில் சேர்க்கப்பட்டவர் 1961 வரை அங்கே இருந்தார். அந்த இடத்தின் பெயரைக் கல்லறை என்று பொருள்பட மாற்றி வேடிக்கையாகச் சொல்வாராம்.

அவரைப் பார்க்க பாப் டிலன் வந்த கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மார்ஜரியின் கதைதான் முக்கியம். விவாகரத்து ஆகிவிட்ட மனைவி, நடனக் கலைஞர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்க வருவார். மருத்துவமனை மைதானத்தில் மரத்தடியில் குடும்பம் கூடும். வேறு சில ஞாயிறுகளில் ஈஸ்ட் ஆரஞ்சில் இருந்த கிளீசன் தம்பதியர் கத்ரியைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள், நண்பர்கள் வந்து பாடுவார்கள். 1967இல் கத்ரி இறந்ததும் ஹண்டிங்டன் நோயாளிகளின் குடும்பங்களுக்காக மார்ஜரி ஓர் அமைப்பைத் தொடங்கினார். மருத்துவமனைப் பதிவேட்டில் இந்த உழைப்புக்கெல்லாம் தனிப் பத்தி கிடையாது.

அந்தப் பத்தியைத் திறந்தவர்கள் பே ஏரியாவில் இருந்தார்கள். 1960இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்த அன்செல்ம் ஸ்ட்ராஸ் சமூகவியலாளர். பணியாற்றியதோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளியில். (எங்கள் தொழிலில் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம்.) நாள்பட்ட நோயைப் பற்றி அவர் எழுதிய நூல் 1975இல் வந்தது. 1988இல் ஜூலியட் கார்பின் என்ற நர்ஸுடன் சேர்ந்து, வீட்டில் நோயைச் சமாளிக்கும் தம்பதியரைப் பற்றி எழுதினார். மாத்திரை, சிகிச்சை என்று நோய்க்கான வேலை ஒன்று. சமையல், வாடகை, பிள்ளைகள் என்று அன்றாட வேலை இன்னொன்று. இனி நான் யார் என்று தன் வாழ்க்கைக் கதையை மறுபடி கோத்துக்கொள்ளும் வேலை மூன்றாவது. இம்மூன்றையும் அவர்கள் வேலை என்றே அழைத்தார்கள். எங்கள் சபையில் இதற்குச் சிலுவை என்று பெயர், பக்கத்து வீட்டில் தலைவிதி. வேலை என்று ஒப்புக்கொண்டால்தான் ஓய்வு கேட்கலாம், மாற்று ஆள் கேட்கலாம்.

வீட்டாரை வெளியே நிறுத்தாத மனநல மருத்துவமனைகளும் உண்டு. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். 1957இல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அதற்கு அடித்தளமிட்டவர். அங்கே நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவர் தங்கவேண்டும் என்பதே முறை. தங்குகிறவரும் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் பெருமைப்படத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அரை மனதுதான். அந்தப் பாயில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை டியூட்டி பார்த்த எவரும் அறிவர். அவளுடைய கூலி போன கணக்கை நாங்களும் எழுதவில்லை.

இங்கே, நியூ ஜெர்சியில் அந்தப் பாயும் இல்லை. சபையின் ஜெபக்குறிப்பில் சர்க்கரை வரும், இதயம் வரும், புற்றுநோய்கூட இப்போது வருகிறது. மனநோய் மட்டும் தூக்கமின்மை என்ற பெயரில் வரும். சென்ற ஆண்டு ஒரு தங்கை தன் கணவரின் தூக்கத்துக்காக ஜெபிக்கச் சொன்னாள். ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்காமல், பழைய பழக்கத்தில் "உன் கூட யாரும்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தாள். "அம்மா ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போயிட்டாங்க அக்கா. பிரசவம்னா திரும்ப வாங்கன்னு கூப்பிடலாம். இதுக்கு என்னன்னு சொல்லிக் கூப்பிட?"