வாக்கிழந்த மக்களும் தொழிலாளர் காங்கிரஸும்

நாடாளுமன்றத்திலே பெருந்தொகையான ஆசனங்களைப் பெறும் கட்சிகளே நாட்டின் போக்கை நிர்ணயிப்பன என்பது பொதுக்கருத்து. எனினும், ஓராசனமே பெற்ற சிறு கட்சியும் தன் மக்களின் நிலையை மாற்றவியலும் என்பதற்கு மலைநாட்டு வரலாறு சான்று பகர்கின்றது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய நகரங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே வேரூன்றிய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸே அக்கட்சியாகும்.

1939ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்த காலத்தே இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டிலே அதன் தொழிற்சங்கம் அமைந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், பிற தொகுதிகளில் வேறு சிலரும் வெற்றியீட்டினர். அவ்வெற்றி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952இல் கொழும்பில் நிகழ்ந்த சத்தியாக்கிரகமும் அந்நிலையை மாற்றவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸார் ஒருவரேனும் தெரிவாகவில்லை.

வாக்குரிமை பறிபோயினும், கொழுந்து பறிக்கும் கைகளின் வலிமை குன்றவில்லை. 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிய தொழிற்சங்கமே அம்மக்களின் குரலாயிற்று. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென ஒத்திவைக்கப்பட்டது.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவான தொண்டமான், மறு ஆண்டிலே ஐக்கிய தேசியக் கட்சி அரசில் அமைச்சரானார். தொழிலாளர் இயக்கமொன்று வலதுசாரி அரசிலே அமர்வது முரண் என இடதுசாரிகள் இகழ்ந்தனர். 1972இல் அமைந்த தமிழர் கூட்டணியின் தலைவர் மூவருள் ஒருவராயிருந்தவர் அரசுடன் இணைந்ததை வடபுலத்தார் பலரும் விரும்பவில்லை. ஆயினும், வடகிழக்கிலே அமையும் தனிநாடு மலைநாட்டாரின் இடர் தீர்க்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அமைச்சரவையில் இருந்துகொண்டே 1986ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பிரார்த்தனை இயக்கத்தை நடத்தினார். தொழிலாளர் வேலைக்குச் செல்லாது வழிபாட்டில் ஈடுபட, தோட்டங்கள் ஸ்தம்பித்தன. அவ்வாண்டிலும், 1988இலும், 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினை படிப்படியே தீர்ந்தது.

அரசுடன் இணைந்த உறவு காணியையும் போதிய கூதியத்தையும் அத்துணை விரைவாகப் பெற்றுத்தரவில்லை. லயன் அறைகளிலே வாழ்வோர் இன்றும் பலர். இக்குறை மறைக்கத்தக்கதன்று. எனினும், ஒரு சந்ததி இழந்த வாக்கை அதன் மக்கள் மீளப்பெற்றமை, சிறு கட்சியொன்றின் அரும்பெருஞ் சாதனையேயாம்.