ஒழுகாத தொட்டியும் மண்ணில்லா விவசாயமும்: ஒரு சின்ன சரித்திரம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் க்ளோசிங், அப்புறம் ஆடிட், அதற்கப்புறம் வீட்டுக்குள் ஒரு சின்ன வெள்ளம்... அந்த வெள்ளத்தில்தான் இந்தப் பதிவு தொடங்குகிறது.

கொல்கத்தாவில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி ஃப்ளாட். வடக்கு பார்த்த பால்கனி, துளி வெயில் வராது. போன வருடம் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. சின்ன ரூமில் 4 அடிக்கு 2 அடியில் ஒரு கூடாரம். உள்ளே பளபளவென்று வெள்ளி நிற ஷீட், மேலே எல்ஈடி விளக்கு, கீழே 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு குட்டி பம்ப், பிவிசி பைப்பில் துளை போட்டு அதில் செடிகள். மண் கிடையாது. தண்ணீரில் உரத்தைக் கரைத்துச் சுற்றவிட வேண்டும், அவ்வளவுதான். ஹைட்ரோபோனிக்ஸ் என்கிறார்களே, அதுதான்.

"லேக் மார்க்கெட்டில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி கிடைக்குது, இதுக்கு இவ்வளவு செலவா?" என்றாள் தங்கமணி. நியாயமான கேள்வி. ஆனால் ஒரு விஷயம். அப்பா கடைசி துண்டு நிலத்தை விற்ற பணத்தில்தான் நான் பி.காம் படித்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். மண்ணே இல்லாமல் பயிர் வளரும் என்று படித்ததும் மனசு சும்மா இருக்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். (இங்கே 'தாதா' என்றால் அண்ணன். ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் பயப்பட வேண்டாம்!) அவர் வீட்டு சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறதாம். யோசிக்காமல், "மழைத் தண்ணியா இருக்கும் தாதா" என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து பார்த்தால் டப் காலி. புதினா வேர் வளர்ந்து, தண்ணீர் திரும்பி வரும் துளையை அடைத்திருக்கிறது. பம்ப் பாட்டுக்கு மேலே தள்ள, எல்லாம் வழிந்து தரை வழியாகக் கீழே போய்விட்டது.

சத்தியமாக அன்று தூக்கமில்லை. மறுநாள் காலை போய் உண்மையைச் சொன்னேன். பூச்சு வேலைக்கான பணத்தைத் தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மாடிக்கு வந்து கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காலிம்போங்கில் 1946லேயே இதைச் செய்துவிட்டார்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது. அதன் பிறகு படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. பாபிலோன் தொங்கு தோட்டம்தான் முதல் ஹைட்ரோபோனிக்ஸ் என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். ஆதாரம் கிடையாது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் ஏரியில் போட்ட சினாம்பா பாத்திகளையும் சேர்த்துக்கொள்வார்கள். அதில் சேறும் மண்ணும் தாராளமாக உண்டு. இரண்டையும் விட்டுவிடலாம்.

உண்மையான கணக்கு ஒரு வில்லோ மரத்தில் ஆரம்பிக்கிறது. யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்பவர் இன்றைய பெல்ஜியத்துக்காரர். 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடம் கழித்து மரம் 169 பவுண்டுக்கு மேல். மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது.

பேங்க்காரன் கண்ணுக்கு இதில் இரண்டு தப்பு தெரிகிறது. பெரிய எண்ட்ரி ஒன்று லெட்ஜரில் ஏறவே இல்லை: காற்று. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவது. சின்ன எண்ட்ரியான அந்த 2 அவுன்ஸை அவர் ரவுண்ட் ஆஃப் செய்துவிட்டார். செடிக்குத் தேவையான உப்புகள் அதில்தான் இருந்தன!

1699இல் வெளியிட்ட சோதனையில் இங்கிலாந்தின் ஜான் உட்வர்ட் புதினா வகைச் செடியை மழைத் தண்ணீர், தேம்ஸ் நதித் தண்ணீர், தோட்ட மண் கலந்த தண்ணீர் என்று தனித்தனியாக வளர்த்துப் பார்த்தார். சுத்தமான தண்ணீரில் வளர்ச்சி குறைவு, கலங்கிய தண்ணீரில் அதிகம். ஆக, தண்ணீரில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்றுதான் சாப்பாடு. அது என்னென்ன உப்பு என்று பட்டியல் போட 1860கள் வரை ஆனது. ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் உப்புகளைக் கரைத்து, மண்ணே இல்லாமல் செடியை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் எல்லாம் கண்ணாடிக் குடுவையில். குடுவை ஒழுகாது, அதனால் அதுவரை எங்கள் பிரச்சினை யாருக்கும் வரவில்லை.

குடுவையிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றியவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. 1929இல் பயிர்த்தொழிலாகவே இதைச் செய்யலாம் என்று எழுதினார். ஏணி போட்டுப் பறிக்கும் உயரத்துக்குத் தக்காளி வளர்த்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை 1937இல் வெளியிட்டார். பெரிய தொட்டி வந்ததும் ஒழுகலும் வந்தது. மரத்தொட்டி, சிமெண்ட் தொட்டி எதுவானாலும் உள்பக்கம் தார் வகைப் பூச்சு தேவைப்பட்டது. செடியைத் தாங்கும் கம்பி வலைக்கும் அதே பூச்சு. ஏனென்றால் வலையில் பூசிய துத்தநாகம் தண்ணீரில் கரைந்தால் செடிக்கு விஷம். தண்ணீர் வெளியே போகக் கூடாது, வேண்டாதது உள்ளே வரவும் கூடாது.

கெரிக்கி தன் உரக் கலவையின் விவரத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க மறுத்தார், வேலையை விட்டும் போனார். அதே இடத்தில் ஹோக்லாண்ட், ஆர்னான் இருவரும் தனியாகச் சோதித்து 1938இல் கலவையின் அளவுகளோடு வெளியிட்டார்கள். இன்றும் 'ஹோக்லாண்ட் கரைசல்' பெயர் போனது. அவர்கள் சொன்ன தீர்ப்பும் முக்கியம்: நல்ல மண்ணில் வருவதைவிட இதில் விளைச்சல் அதிகம் என்று சொல்ல முடியாது. அப்போ யாருக்கு லாபம்? நல்ல மண் இல்லாதவர்களுக்கு. பசிபிக்கில் வேக் தீவில் பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி பயணிகளுக்காக இப்படிக் காய்கறி வளர்த்தது. பவளப்பாறைத் தீவு, மண் ஏது? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் இதையே செய்தது.

இப்போது காலிம்போங். ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் 1946இல் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார். வங்காளப் பஞ்சம் 1943இல். மூன்றே வருட இடைவெளி என்பதை மறக்கக்கூடாது. பம்ப், குழாய், கண்ணாடி வீடு எல்லாம் சாதாரண மனிதனுக்குக் கட்டுப்படியாகாது. எனவே அவர் தொட்டியில் சரளைக் கல்லும் கல்தூளும் நிரப்பினார், உரத்தைக் காய்ந்தபடியே மேலே தூவினார், கையால் தண்ணீர் தெளித்தார். மிச்சத் தண்ணீர் துளை வழியே வடிந்துவிடும். 1951இல் வந்த அவர் புத்தகத்தின் பெயரிலேயே 'வங்காள முறை' என்று இருக்கிறது. கவனித்தீர்களா? எல்லோரும் தண்ணீரைத் தேக்கி ஒழுகலோடு சண்டை போட்டபோது, இந்த முறையில் தேக்கவே இல்லை. வாத்தியார் தாதா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதில் தப்பில்லை.

மிச்சக் கதை பிளாஸ்டிக்கின் கதை. 1933இல் இங்கிலாந்தில் பாலிதீன் தற்செயலாகக் கிடைத்தது. 1960களில் அதே நாட்டில் ஆலன் கூப்பர், சரிவான பாலிதீன் கால்வாயில் மெல்லிய படலமாகத் தண்ணீரை ஓடவிட்டு வேரை நனைத்தார். என் பிவிசி பைப் அதன் பேரப்பிள்ளை. பிரகாசமான நீல எல்ஈடி 1993இல் ஜப்பானில் ஷுஜி நாகாமுராவின் கையில் வந்தது. சிவப்போடு நீலமும் சேர்ந்ததால்தான் வெயில் வராத ரூமில் செடி வளர்கிறது.

படித்து முடித்து என் கூடாரத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்:

1. செடி வைப்பதற்கு முன் வெறும் தண்ணீரை ஊற்றி 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஜாயிண்ட்டின் கீழும் பழைய நியூஸ் பேப்பர் வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

2. மரை உள்ள இடத்தில் டெஃப்ளான் டேப். டப்பில் துளை போட்டால் ரப்பர் வாஷர் உள்பக்கம் வர வேண்டும். முடிந்தால் துளையே வேண்டாம், பைப்பை மேல் வழியாக விடுங்கள்.

3. கரண்ட் போனால் பைப்பில் உள்ள தண்ணீர் அத்தனையும் டப்புக்குத் திரும்பும். அதற்கு டப்பில் இடம் விட்டு வையுங்கள்.

4. தண்ணீர் திரும்பும் துளை பெரிதாக இருக்கட்டும், வாரம் ஒரு முறை வேரைப் பாருங்கள். புதினா, வேர் விஷயத்தில் ரொம்ப மோசம்.

5. டப்பில் உள்ள மொத்தத் தண்ணீரையும் தாங்கும் பெரிய ட்ரே எல்லாவற்றுக்கும் அடியில். பிளக் பாயிண்ட் தரையில் வேண்டாம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

சீலிங் பூச்சு வேலை முடிந்துவிட்டது. பணத்தை வாங்க மறுத்தவரை வற்புறுத்தித்தான் கொடுத்தேன். பொய் சொன்னதற்கு அது ஈடாகாது, தெரியும்.

கொசுறு: இந்த முறை முதல் அறுவடைக் கொத்தமல்லி கீழ் வீட்டுக்குப் போனது. அடுத்த டிரான்ஸ்ஃபர் எந்த ஊரோ தெரியாது. கூடாரத்தை மடித்தால் ஒரு சூட்கேஸ் அளவுதான், தங்கமணியும் எடுத்துப்போகச் சம்மதித்துவிட்டாள். அப்பாவிடம் போனில் சொன்னேன். "மண்ணில்லாமலா? சரி, தண்ணி எவ்வளவு விடுற?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினோம்.