டிரைப் படமெடுத்த நாயக்கர் மகால்

மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க வரும் பொறியாளர், சுவரைத் தட்டிப் பார்க்கும் முன் 1858-இல் லினேயஸ் டிரைப் எடுத்த படங்களைப் பார்த்துவிடுவது நல்லது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த இந்த ராணுவ அதிகாரி, மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் மகாலின் சிதைந்த கோலத்தைப் பதிந்து வைத்தார். 1636-இல் எழுந்த அரண்மனையில் பெரும்பகுதி அதற்குள் போயே போய்விட்டது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் பெயர்த்துக்கொண்டு போன பகுதிகளும் அதில் அடக்கம்.

பயின்ற கண்ணுக்கு இத்தகைய படங்கள் அரிய ஆவணம். சுவரில் செடி முளைத்திருந்தால், மழைநீர் உள்ளே இறங்கும் வழி அங்கே இருக்கிறது. சுதை உதிர்ந்த இடத்தில் செங்கல் அடுக்கு வெளிப்படும். வளைவு பாரத்தைத் தூணுக்குக் கடத்தும் விதத்தை அங்கேதான் படிக்க முடியும். வளைவின் உச்சியில் விரிசல் தெரிந்தால், தாங்கும் தூண்கள் விலகினவா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் படங்களில் தெரியும் வானத்தை மட்டும் நம்பக் கூடாது. மேகங்களை நெகட்டிவில் தூரிகையால் தீட்டிச் சேர்க்கும் பழக்கம் டிரைப்புக்கு உண்டு.

நேப்பியர் பிரபு சென்னை மாகாண ஆளுநராக இருந்த காலத்தில் (1866–1872) சீரமைப்பு தொடங்கியது. கட்டடக் கலைஞர் சிஷோம் அதை நடத்தினார். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மகாலில் நாயக்கர் காலத்து வேலை எது, பிற்காலப் பூச்சு எது என்று பிரித்தறிய, அதற்கு முந்தைய இந்தப் படங்களே பெருந்துணை.