பிலிப்பினோ அமெரிக்கரின் இரண்டாம் தலைமுறை

பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளும், சிறு வயதிலேயே போய் அங்கு வளர்ந்தவர்களும் இத்தலைமுறையில் அடங்குவர். 2020 கணக்கெடுப்பில், கலப்பு வம்சத்தாரையும் சேர்த்து, ஏறத்தாழ 44 லட்சம் பேர் தம்மைப் பிலிப்பினோ என்று பதிந்தார்கள். கலிபோர்னியாவில்தான் மிகப் பலர் வாழ்கிறார்கள். ஹவாயில் மாநில மக்கள்தொகையில் பெரும் பங்கு இவர்களுடையது. பேச்சில் ஆங்கிலம், வீட்டில் கத்தோலிக்கம், பெயரில் ஸ்பானியம் என்று இருக்கும் இப்பிள்ளைகள் அமெரிக்க வாழ்க்கையில் சுலபமாகக் கரைந்துவிட்டவர்களாகத் தெரிகிறார்கள். ஆனால் கரைதல் அமெரிக்க மண்ணில் தொடங்கவில்லை. பெற்றோர் கப்பல் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே, தாய்நாட்டுப் பள்ளிக்கூடத்திலேயே அது தொடங்கிவிட்டது. இதை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு பாதி வரலாறுதான்.

பெயரும் பள்ளிக்கூடமும்

ஸ்பானியக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை ஸ்பானிய வம்சத்தால் வந்தவை அல்ல. 1849இல் ஆளுநர் நார்சிசோ கிளவேரியா இட்ட ஆணைப்படி, வரி வசூலுக்கு வசதியாக ஒரு பட்டியலிலிருந்து பெயர்கள் வழங்கப்பட்டன. 1898 பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் இத்தீவுகளை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. விடுதலை கேட்டவர்களோடு அமெரிக்கா 1899இல் போர் தொடுத்தது. அந்தப் போர் முடிவதற்குள்ளாகவே ஆசிரியர்களையும் அனுப்பிவிட்டது. 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் இறங்கினார்கள். கப்பலின் பெயராலேயே அவர்கள் ‘தாமசைட்டுகள்’ எனப்பட்டார்கள். ஊர் ஊராக ஆங்கிலவழிப் பள்ளிகள் எழுந்தன. வேறு எந்த ஆசிய நாட்டிலிருந்தும் அமெரிக்காவுக்குப் போனவர்கள், இப்படித் தலைமுறைக் கணக்கில் அமெரிக்கப் பாடம் படித்துவிட்டுப் போனவர்கள் அல்லர். அந்தக் கல்வி பிலிப்பினோ மக்களை எப்படித் தடம் மாற்றியது என்று வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டான்டினோ எழுதி 1960களில் வெளிவந்த கட்டுரை இன்றும் அமெரிக்கப் பிலிப்பினோ மாணவர்கள் கையில் புழங்குகிறது.

மானோங்குகளும் அவர்களுக்குப் பிறக்காத பிள்ளைகளும்

1906 டிசம்பரில் 15 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ‘சகாடா’ எனப்பட்ட தோட்டத் தொழிலாளர் வரிசையில் முதல்வர்கள் அவர்கள். அடுத்த கால் நூற்றாண்டில் பல்லாயிரம் இளைஞர்கள் ஹவாய்க்கும், கலிபோர்னியாவின் அஸ்பாரகஸ் வயல்களுக்கும், அலாஸ்காவின் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கும் போனார்கள். அமெரிக்கக் கொடியின் கீழ் உள்ளவர்கள் என்பதால் நுழையத் தடை இல்லை. ஆனால் குடியுரிமைக்கு வழி இல்லை.

பெண்கள் மிகக் குறைவாகவே வந்தார்கள். இந்த இளைஞர்கள் வெள்ளைப் பெண்களோடு பழகுவதைக் கண்டு பொறுக்காத கும்பல்கள் 1930 ஜனவரியில் வாட்சன்வில் நகரில் பிலிப்பினோக்களை நாள்கணக்கில் வேட்டையாடின. ஃபெர்மின் டோபேரா என்ற இளந்தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். 1933இல் ஒரு நீதிமன்றம், கலப்புத் திருமணத் தடை பிலிப்பினோக்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. கலிபோர்னியச் சட்டமன்றம் அதே ஆண்டில் ‘மலாய் இனம்’ என்ற சொல்லைச் சேர்த்து அந்தக் கதவையும் சாத்தியது. 1934இல் டைடிங்ஸ்–மெக்டஃபி சட்டம் ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே வரலாம் என்றது. ஆயிரக்கணக்கான ஆண்கள் மணமாகாமலே முதுமை அடைந்தார்கள். இலோகானோ மொழியில் ‘மானோங்’ என்றால் அண்ணன். ஊரில் பலருக்கு அண்ணனாக இருந்து யாருக்கும் தகப்பனாகாத அந்தத் தலைமுறைக்கு அதுவே பெயராக நின்றது. பிற்காலப் பிள்ளைகள் தங்களுக்கு முன்னோர் எவரும் இந்நாட்டில் இல்லை என்று நினைத்து வளர்ந்ததற்கு இந்தச் சட்டங்கள் ஒரு காரணம்.

இருந்தும் சில குடும்பங்கள் உருவாயின. அவற்றில் பிறந்து, இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் குழந்தைப் பருவம் கண்டவர்களைப் ‘பாலத் தலைமுறை’ என்பார்கள். பிள்ளைகள் அரிதாக இருந்ததால் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஒரு தொழிலாளர் முகாமே ஞானப் பெற்றோராக நின்றது. ஸ்டாக்டன் நகரின் எல் டொராடோ தெருவைச் சுற்றி எழுந்த ‘லிட்டில் மணிலா’ அப்பிள்ளைகளின் ஊர். பாலத் தலைமுறையைச் சேர்ந்த ஃபிரெட், டோரதி கொர்டோவா தம்பதியர் 1957இல் சியாட்டிலில் பிலிப்பினோ இளைஞர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

கடற்படை, மருத்துவமனை, 1965

1946இல் பிலிப்பைன்ஸ் விடுதலை பெறுவதற்கு இரண்டு நாள் முன்பு கையெழுத்தான சட்டம் குடியுரிமை பெற வழி திறந்தது. 1947 ராணுவத் தள உடன்படிக்கைக்குப் பின் அமெரிக்கக் கடற்படை பிலிப்பைன்ஸிலேயே ஆள் எடுத்தது. ஆனால் 1970களின் தொடக்கம் வரை அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறும் வேலைதான். சான் டியேகோவின் பிலிப்பினோ குடியிருப்புகள் இப்படி வளர்ந்தவை. ஊரில் கல்லூரி வரை படித்த தகப்பன் கப்பலில் தட்டு ஏந்தினார் என்பது, அந்நகரப் பிள்ளைகள் பலர் வளர்ந்த பிறகே தெரிந்துகொண்ட செய்தி.

1965 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டம் தேச வாரியான ஒதுக்கீட்டை நீக்கியது. செவிலியர், மருத்துவர், கணக்கர், பொறியாளர் என நடுத்தர வர்க்கம் குடும்பத்தோடு வந்து இறங்கியது. இன்று இரண்டாம் தலைமுறை எனப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் இவர்களின் பிள்ளைகள். அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி கலிபோர்னியாவின் டெலானோ நகரில் லாரி இட்லியோங் தலைமையில் மானோங்குகள் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியிருந்தார்கள். செசார் சாவேஸின் மெக்சிகச் சங்கம் சில நாள் கழித்தே அதில் சேர்ந்தது. முதிய தொழிலாளர்கள் போராடிய அதே மாநிலத்தில் வந்து இறங்கிய புதியவர்கள் பலருக்கு அவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. பெற்றோருக்கே தெரியாததைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

வீட்டுக்குள்

பெற்றோர் தமக்குள் தகலோக்கிலோ இலோகானோவிலோ விசயாவிலோ பேசுவார்கள். பிள்ளை பக்கம் திரும்பியதும் ஆங்கிலம். பள்ளியில் பிள்ளையின் உச்சரிப்பைக் கேலி செய்வார்கள் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். தாமே ஆங்கிலவழியில் படித்தவர்கள் என்பதால் இந்த மாற்றம் அவர்களுக்கு இழப்பாகவும் தோன்றவில்லை. திட்டும்போதும் பாட்டியோடு பேசும்போதும் மட்டும் ஊர் மொழி வெளியே வரும். அதனால் பிள்ளைகள் அம்மொழியைப் புரிந்துகொள்வார்கள், பேச மாட்டார்கள். அலெஹாந்த்ரோ போர்ட்டஸ், ரூபன் ரும்பாட் ஆகியோர் 1992 முதல் சான் டியேகோவிலும் தெற்கு ஃபுளோரிடாவிலும் 5000க்கு மேற்பட்ட குடியேறியோர் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வீட்டு மொழியை மிக விரைவாகக் கைவிட்டவர்களில் பிலிப்பினோ பிள்ளைகளும் இருந்தார்கள்.

மொழி போன வீட்டில் முறைகள் தங்கின. மூத்தவளை ‘ஆத்தே’, மூத்தவனை ‘குயா’ என்றே அழைக்க வேண்டும்; பேர் சொல்லக் கூடாது. உறவே இல்லாத பெரியவர்களும் ‘டீட்டா’, ‘டீட்டோ’. நம் ஊர் அத்தை, மாமாவைப் போலத்தான். பெரியவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் ‘மானோ’ வணக்கம் பல குடும்பங்களில் இன்னும் உண்டு. வீட்டில் ஒரு மூலையில் ‘பாலிக்பாயான்’ பெட்டி வாய் திறந்து நிற்கும். ஊரில் உள்ள சொந்தங்களுக்கான சோப்பும் சாக்லேட்டும் டின் இறைச்சியும் மாதக்கணக்கில் அதில் நிறையும். பெண் பிள்ளைக்கு 18 வயதானால் ‘டெபு’ விழா: 18 ரோஜாக்களோடு 18 ஆண்கள் நடனமாட, 18 பெண்கள் மெழுகுவர்த்தி ஏந்தி வாழ்த்துவார்கள்.

இதே வீட்டில் ஒரு பாரமும் இருந்தது. வெட்கத்தையும் மானத்தையும் சேர்த்துக் குறிக்கும் ‘ஹியா’, தீராத நன்றிக்கடனாகிய ‘உத்தாங் நா லோஓப்’ ஆகிய இரண்டும் பிள்ளையின் தோளில் ஏறின. குடும்பத்துச் சங்கதி வாசல் தாண்டக் கூடாது. செவிலியர் படிப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற வற்புறுத்தலும், அண்ணன் இரவில் வெளியே போகலாம், தங்கை போகக் கூடாது என்ற பாகுபாடும் உண்டு. டயான் வுல்ஃப் 1990களில் கலிபோர்னியாவில் நடத்திய ஆய்வு, நல்ல மதிப்பெண் வாங்கும் பெண் பிள்ளைகளிடையே வெளியில் தெரியாத மனச்சோர்வைக் கண்டது. ‘வெற்றிகரமாகக் கரைந்தவர்கள்’ என்ற பட்டத்தை ஏற்கும் முன் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

தேடிப் பெற்ற அடையாளம்

இத்தலைமுறையின் தனித்தன்மை, அடையாளத்தில் பெரும்பகுதியை வீட்டில் வாங்காமல் வெளியில் கற்றது. 1968–69இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி வேலைநிறுத்தத்தில் பிலிப்பினோ மாணவர்களும் முன்னின்றார்கள். அதன் பயனாக இனவியல் கல்விக்கென ஒரு கல்லூரியே அங்கு பிறந்தது. 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், அதே நகரின் ‘இன்டர்நேஷனல் ஹோட்டல்’ விடுதியிலிருந்து முதிய மானோங்குகளைப் போலீசார் வெளியேற்றியபோது, ஆயிரக்கணக்கானோர் கைகோத்து வழிமறித்தார்கள். அவர்களில் இப்பிள்ளைகள் பலர். பிள்ளை இல்லாத கிழவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் கிடைத்தது அந்தப் போராட்டத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

1980களிலிருந்து பல கல்லூரிகளில் ‘பிலிப்பினோ கலாசார இரவு’ நடந்துவருகிறது. மூங்கில் கழிகளுக்கு இடையே தாவும் தினிக்லிங்கும், மிண்டனாவோ முஸ்லிம்களின் சிங்கிலும் மேடையேறுகின்றன. 1957இல் உருவான பாயானிஹான் நடனக் குழு உலக மேடைகளுக்காக அமைத்த வடிவமே இதற்கு மூலம். ஆகவே இது மரபு அல்ல, காட்சிப் பொருள் என்ற விமர்சனம் உண்டு. அந்த விமர்சனம் நியாயமே. ஆனாலும் மாதக்கணக்கான ஒத்திகையில்தான் பலர் முதன்முதலாகத் தம் பெற்றோரின் ஊர் எந்தத் தீவில் இருக்கிறது என்று கேட்டார்கள்.

எல்லாரும் மேடைக்குப் போகவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவை அடுத்த டேலி சிட்டியிலும் சுற்று ஊர்களிலும் பிலிப்பினோ சிறுவர்கள் வீட்டு விசேஷங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் இசைத்தட்டுச் சுழற்றும் குழுக்களை அமைத்தார்கள். டிஜே க்யூபர்ட் அந்தச் சூழலில் வளர்ந்து உலகப் புகழ் பெற்றவர். கறுப்பினத்தாரின் ஹிப் ஹாப் கலை, அத்தைமார் நிறைந்த பிறந்தநாள் விருந்துகளில் வளர்ந்தது. கரைதல் என்றால் வெள்ளையராக மாறுவது மட்டும் அல்ல என்பதற்கு இது சான்று.

வகைப்படுத்தலும் சிக்கலானது. கலிபோர்னிய அரசு 1980களின் இறுதியில் தன் ஊழியர் கணக்கில் பிலிப்பினோக்களை ஆசியரிலிருந்து தனியே பிரித்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் கார்சன், ஈகிள் ராக் ஊர்களில் வளர்ந்தவர்களை ஆராய்ந்த ஆந்தனி ஒகாம்போ, ஒரே பிள்ளை ஒரு தெருவில் லத்தீனோக்களோடும் வேறொரு வகுப்பறையில் ஆசியரோடும் தன்னை இனங்காண்பதை 2016இல் எழுதினார். 1994 நவம்பரில் குடியேறிகளுக்கு எதிரான ‘முன்மொழிவு 187’ கலிபோர்னியாவில் வென்ற பின், போர்ட்டஸ், ரும்பாட் ஆய்வின் சான் டியேகோ மாணவர்களிடம் திரும்பக் கேட்டபோது, தம்மை ‘பிலிப்பினோ’ என்று மட்டும் சொன்னவர்கள் முன்பைவிடப் பெருகியிருந்தார்கள். ஆங்கிலம் மேலும் சரளமாகியும் அவர்கள் பெற்றோரின் நாட்டுப் பெயரையே தேர்ந்தார்கள்.

ஏடுகள்

கொர்டோவா தம்பதியர் 1982இல் பிலிப்பினோ அமெரிக்க வரலாற்றுக் கழகத்தை நிறுவினார்கள். அக்டோபர் வரலாற்று மாதமானது அக்கழகத்தின் முயற்சியால். தோட்டத் தொழிலாளர் இயக்கத்தில் பிலிப்பினோக்களின் பங்கைப் பள்ளியில் கற்பிக்கச் செய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா 2013இல் இயற்றியது. அதைக் கொண்டுவந்த ராப் போன்டா கைக்குழந்தையாக மணிலாப் பகுதியிலிருந்து வந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைமையகத்தில் சில காலம் வளர்ந்தவர். 2021இல் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

ஸ்டாக்டனின் லிட்டில் மணிலாவை நெடுஞ்சாலையும் நகரச் சீரமைப்பும் ஏறக்குறைய அழித்துவிட்டன. அங்கே சாப்பாட்டுக் கடை நடத்தியவரின் பேத்தி டான் மபலோன், எஞ்சிய கட்டடங்களுக்காகப் போராடி, 2013இல் அந்த ஊரின் வரலாற்றை நூலாக்கினார். 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தார். லாரி இட்லியோங்கின் வாழ்க்கையைச் சிறுவர்களுக்குச் சொல்ல கேல் ரோமசான்டாவுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் அதே ஆண்டு வெளிவந்தது.