மாமல்லனும் மானவன்மனும்

மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயர், முதலாம் நரசிம்மவர்மன் பூண்ட மாமல்லன் என்னும் பட்டத்தை நினைவூட்டி நிற்கின்றது. கி.பி. 642-இல் வாதாபியை வென்ற அவ்வேந்தன் வைதிக நெறியினன். அவன்பால் அடைக்கலம் புகுந்த மானவன்மனோ ஈழத்துப் பௌத்த அரசிளங்குமரன். இவ்விருவர்தம் நட்பு சமய வரலாற்றுக்கு எத்துணைச் சான்றாகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இந்நிகழ்ச்சியை இருவேறு சான்றுகள் கூறுகின்றன. இரண்டாம் நந்திவர்மன் காலத்துக் காசாக்குடிச் செப்பேடு, நரசிம்மன் இலங்கையை வென்று இராமனின் புகழையும் விஞ்சினான் எனப் பாராட்டுகின்றது. பிக்குகள் பாலியில் இயற்றிய சூளவமிசமோ இதனை நட்பின் கதையாகவே மொழிகின்றது. மானவன்மன் வல்லபனை எதிர்த்துப் பல்லவனுக்குத் துணைநின்று பொருதான். அதற்குக் கைம்மாறாகப் பல்லவன் இருமுறை ஈழத்துக்குப் படை உதவினான். வேந்தன் பருகி எஞ்சிய இளநீரை மானவன்மன் பருகினான் என்றும், அவன் பருகி எஞ்சியதை வேந்தனும் பருகினான் என்றும் அந்நூல் கூறும். செப்பேடு வெற்றி என்பதை நூல் உதவி என்கின்றது. எனினும், சமய வேறுபாட்டை இடையூறாக இரண்டனுள் ஒன்றேனும் சுட்டவில்லை.

1997 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சியின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. கி.பி. 640 அளவில் அங்கு வந்த யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும், 10,000-க்கு மேற்பட்ட துறவியரையும், 80 அளவிலான தேவர் கோயில்களையும் குறித்துள்ளார். அரசன் மறைவாலும் பஞ்சத்தாலும் ஈழத்தினின்று வெளியேறிய 300 அளவிலான பிக்குகளை அவர் அந்நகரில் கண்டார் என அவர்தம் வரலாறு கூறுகின்றது. கலக்கமுற்ற நாட்டினின்று வந்தோர்க்குக் காஞ்சி புகலிடமாயிற்று.

இதனால் அக்காலத்தே சமயப் பூசலே இல்லை எனல் பொருந்தாது. அப்பரும் சம்பந்தரும் சமண பௌத்தங்களைக் கடிந்து பாடினர். மகேந்திரவர்மனின் மத்தவிலாசம் பௌத்த பிக்குவை எள்ளுகின்றது. ஆயின், அந்நாடகம் காபாலிகனையும் பாசுபதனையும் உடன் எள்ளுதல் கருதத்தக்கது. மேலும், அப்பூசல் தமிழகத்தின் அகத்தே நிகழ்ந்தது. காஞ்சியைத் தன் கதைக்களங்களுள் ஒன்றாகக் கொண்ட மணிமேகலை தமிழ்ப் பௌத்தரின் காப்பியமாதலின், பௌத்தத்தைச் சிங்களர்க்கே உரியதாகவும் சைவத்தைத் தமிழர்க்கே உரியதாகவும் வகுத்தல் வரலாற்றுக்கு மாறாகும்.

பல்லவன் உதவியில் அரசியல் நலனும் உண்டு என்பது மறுக்கவியலாதது. எனினும், அந்நலனைச் சமயம் தடுக்கவில்லை என்பதே கொள்ளத்தக்க முடிபு. பிற்காலச் சோழர் அநுராதபுரத்தை அழித்தனர். அவர் ஆட்சியிலேயே திருகோணமலைப் பகுதியின் வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றது. அதற்குத் தமிழர் அளித்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. வாளும் கொடையும் ஒருங்கே நிகழ்ந்தன.

1983 முதல் 2009 வரை ஈழத்தில் நிகழ்ந்த போரின் துயரை அறிந்த நாம், அப்பகையைப் பழங்காலத்தின்மேல் ஏற்றிக் காண்டல் எளிது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. பழம்போர்கள் அரியணை பற்றியவை. அவற்றை இருசமயங்களின் தொன்றுதொட்ட பகையெனக் கூறுவோர், பிக்குகளே போற்றிவைத்த ஒரு நட்பை மறந்தோராவர்.